கல், மரம், விலங்கு: முருகையும் கடலனிமனியும் வகுக்கப்பட்ட வரலாறு

'முருகைக்கல்' என்பது ஈழத்துத் தமிழ் வழக்கிலும் பாடநூல்களிலும் ஒருங்கே பயின்று வருஞ் சொல்லாகும். தமிழகத்தார் பவளப்பாறை என்பர். ஒன்றிலே கல் இருக்கின்றது. மற்றதிலே பாறை இருக்கின்றது. உயிர் இரண்டிலும் இல்லை. கடலடியில் வாயும் வயிறும் கொண்டு வாழும் ஒரு விலங்குக்கு, அது இறந்த பின் எஞ்சுகின்ற வன்கூட்டின் பெயரே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு பொருளுக்குச் சமுதாயம் சூட்டும் பெயர், அப்பொருளோடு அச்சமுதாயம் கொண்ட நடைமுறை உறவைச் சுட்டி நிற்கும் என்பது இலக்கிய மாணவர்க்குப் புதிய செய்தியன்று. அவ்வுறவை விளங்கிக்கொள்ளும் பொருட்டே நாம் இங்கு விலங்கியலுக்குள் நுழைகின்றோம். ஆயினும், விலங்கின் உடலமைப்பை அறியாமற் சொல்லை மாத்திரம் ஆராய்வதாற் பயன் சிறிது. ஆதலின் உடலமைப்பையும் வகைப்பாட்டையும் சற்று விரிவாகவே கூறுவோம்.

முதலில் இடத்தைக் குறித்து ஒரு சொல். வடக்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்றும், தெற்கே அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்றும் நீளும் அம்பாறை மாவட்டக் கரை பெரும்பாலும் திறந்த மணற்கரையாகும். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் நிகழ்வதும், முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் கரைவலை இழுக்கப்படுவதும் இம்மணற்கரையிலேயே. கரைவலைக்குத் தடையற்ற மணற்படுக்கை வேண்டும்; கடலடிக் கல்லில் வலை சிக்கினாற் கிழியும். முருகைக்கோ கடினமான அடித்தளமும், கலங்காத நீரும், மிகுதியாகக் குறையாத உவர்ப்பும் வேண்டும். ஓயாது இடம்பெயரும் மணலும், மாரிக்காலத்திற் களப்பு முகத்துவாரங்கள் உடைத்து வெளியேற்றும் கலங்கல் நன்னீரும் அதற்குப் பகை. எனவேதான் கீழைக்கரையின் பேர்பெற்ற முருகைப்பார்கள் திருக்கோவிலுக்கு நெடுந்தொலைவு வடக்கே கல்குடா, பாசிக்குடா, காயங்கேணி, திருகோணமலை ஆகிய இடங்களில் அமைந்துள்ளன. தமிழ்க் கடலோடிகளின் 'பார்' என்ற சொல் இங்கு மனங்கொள்ளத்தக்கது. முத்துப்பார் என்பதிற்போல, அது கடலடியில் உயிர்கள் மண்டிக் கிடக்கும் திட்டைக் குறிக்கும். கல் என்ற சொல்லினும் அது உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது.

பழந்தமிழ் இலக்கியத்திலே துகிர் என்றும் பின்னர்ப் பவளம் என்றும் வழங்குவது செம்பவளமாகும். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினைந்து கண்ணகனார் பாடிய புறநானூற்று 218ஆம் செய்யுளில், வேறுவேறு நிலங்களிற் பிறந்த பொன்னும் துகிரும் முத்தும் மணியும் அணிகலனாகும்போது ஒன்றுசேர்கின்றன என்ற உவமை வருகின்றது. பட்டினப்பாலை புகாரில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்து, துகிரைக் கீழ்கடற் பொருளாகக் குறிப்பிடுகின்றது. ஆனால் அணிகலனுக்கு உரிய செம்பவளத்தின் பெயர்பெற்ற விளைநிலம் மத்தியதரைக் கடலாகும். கிரேக்க வணிகரின் பெரிப்புளூசு என்னும் பயணநூல் முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் சேர்த்துரைக்கின்றது. உரோமப் பெண்டிர் இந்திய முத்தை மதிப்பது போன்று இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்பது முதலாம் நூற்றாண்டினரான பிளினியின் கூற்று. ஆக, பட்டினப்பாலை கூறுவது விலங்கு பிறந்த கடலையா, சரக்கு வந்து சேர்ந்த கடல்வழியையா என்ற வினா எழுகின்றது. பின்னையதே பொருந்தும் என்பது எமது கருத்து. சந்தைக்கு வந்த பொருளின் மீது அது பிறந்த இடத்தின் தடயம் இருப்பதில்லை. புலவர் கண்டதும் சந்தையிற் கிடந்த பொருளையே.

இலக்கியத்திலே பவளம் பண்டமாக நின்றபோது, இலக்கணத்திலே உயிர்களைப் பகுக்கும் முயற்சி தனியாக நடந்திருக்கின்றது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகின்றது. புல்லும் மரமும் ஓரறிவின. நந்தும் முரளும் ஈரறிவின. சிதலும் எறும்பும் மூவறிவின. இவ்வாறு அது செல்லும். புறத்தோற்றத்தை விடுத்துப் புலனாற்றலை அளவுகோலாகக் கொண்டமை இப்பகுப்பின் சிறப்பாகும். கடலனிமனியை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போமாயின், தொடுவதை உணர்ந்து சுருங்குவதாலும், நீரிற் கரைந்த உணவின் சுவையை உணர்ந்து கொம்பை நீட்டுவதாலும் அது ஈரறிவுயிராய் நத்தைக்குப் பக்கத்தில் அமரும். அரித்தோத்தலும் கடலனிமனியைத் தாவரத்துக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட எல்லையில் வைத்துத் தயங்கினார். அத்தயக்கமே பின்னர் 'விலங்குத் தாவரம்' எனப் பொருள்படும் 'சூபைற்று' என்னும் சொல்லாக உறைந்து, பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறிஞரின் நாவில் நின்றது.

பவளம் கடலுக்குள் மெத்தென்ற செடியாயிருந்து காற்றுப் பட்டதும் கல்லாகின்றது என்ற நம்பிக்கையை ஒவிட்டு என்னும் உரோமப் புலவர் கதையாக்கினார். அதனைச் சோதித்தறிய எவருக்கும் தேவை எழவில்லை. பவளம் விலைபோயிற்று, அவ்வளவே. 1706இல் இத்தாலியப் பிரபுவான மார்சிலி, மார்செய் நகரை அடுத்த கடலில் பவளம் எடுப்போருடன் சென்று, கிளைகளைக் கடல்நீர் நிரம்பிய கலத்தில் இட்டார். சிறிது நேரத்தில் வெண்ணிறப் 'பூக்கள்' மலர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எட்டு இதழ். பவளம் செடியே என்று அவர் அறிவித்தார். இந்த எட்டு என்னும் எண் சரியானது. இன்றும் வகைப்பாட்டுக்கு அடிப்படையாயிருப்பது. எண்ணிய கண் தவறவில்லை. பூ என்ற கருத்துருவே தவறு.

அதே மார்செயிற் பிறந்த மருத்துவர் பெய்சொனெல், 1725இல் வட ஆபிரிக்கக் கரையில் இச்சோதனையை மீண்டுஞ் செய்தார். 'இதழ்கள்' தாமாக அசைவதையும், தொட்டவுடன் உள்வாங்குவதையும், இறந்தபின் மாமிசம் போல அழுகி நாறுவதையும் கண்டு, இவை பூக்களல்ல, கடலனிமனியை ஒத்த சிறு விலங்குகள் என்று பாரிசு விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். கழகத்தின் பெரும்புள்ளியான இறியோமூர், கருத்தை வெளியிட்டவரின் மானத்தைக் காப்பதாக எண்ணிப் பெயரைச் சொல்லாமலே அதனை மறுத்துரைத்தார். மாகாண மருத்துவரொருவரின் கண்ணை விடத் தலைநகரக் கழகத்தின் நாற்காலி வலிதாயிருந்தது. 1740களில் திரெம்பிளே நன்னீர் ஐதராவை ஆராய்ந்து, செடிபோலக் கிளைத்து விலங்குபோல உண்ணும் உயிர் உண்டெனக் காட்டிய பின்னரே இறியோமூர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். பெய்சொனெலோ அதற்குள் மேற்கிந்தியத் தீவான குவாதலூப்புக்குச் சென்றிருந்தார். அவருடைய ஆய்வின் சுருக்கம் 1750களின் தொடக்கத்திலே இலண்டன் இறோயல் சங்கத்தின் வழியாகவே ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கல், மரம் என்ற இரு படிகளையும் கடந்து முருகை விலங்காயிற்று. எவ்வகை விலங்கு என்பது அடுத்த வினா. இலின்னேயசு அதனைப் 'புழுக்கள்' என்ற பெருங்கூடைக்குள் இட்டார். 1847இல் உலூக்காட்டு, உடலுக்குள் குடலும் உடற்குழியும் வேறுவேறாகாமல் ஒரே வெளியாய் உள்ள விலங்குகளைப் பிரித்தெடுத்துச் சீலெந்தரேற்றா எனப் பெயரிட்டார். 'குழிக்குடலிகள்' என நம் பாடநூல்களில் வருவது இதுவே. 1888இல் அற்செக்கு இதிலிருந்து சீப்புச் சொறிகளை விலக்கி, கொட்டுங் கலங்களை உடையனவற்றை மாத்திரம் நிடேரியா எனத் தனிக் கணமாக்கினார். நிடே என்பது கிரேக்கத்திற் காஞ்சொறி. சொறிமுட்டை என்று எங்கள் கடலோரத்தார் அழைக்கும் இழுதுமீன், ஐதரா, கடலனிமனி, முருகை யாவும் இக்கணத்தின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதிலுண்டு.

கலைச்சொற்களைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று கூறாமற் செல்லவியலாது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவர். தமிழால் எதையும் சொல்லலாம் என்பதை நிறுவியவர்களுள் ஒருவர். அம்மரபு பெரிதும் போற்றற்குரியது. ஆனால் அதன் பின்னர் ஈழத்துப் பாடநூல்களில் வகைப்பாட்டுப் படிகள் பெற்ற பெயர்களைப் பாருங்கள்: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம்! பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவீடனில் உருவான அடுக்கைத் தமிழாக்க முனைந்தோர்க்கு, கையெட்டும் தூரத்திற் கிடந்த அடுக்குமுறை வருணமும் சாதியுமாகவே இருந்திருக்கின்றது. தமிழகத்தார் வரிசை, பேரினம் என்று இவற்றைத் தவிர்த்துக்கொண்டனர். நாம் கீழே வரிசை, பேரினம் என்பவற்றையே ஆளுகின்றோம்.

உடலமைப்பை அறியக் கடலனிமனியிலிருந்து தொடங்குவது எளிது. தடித்த தோற்பை ஒன்றைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தாற் போன்றது அதன் வடிவம். அடியில் பாறையைப் பற்றும் அடித்தட்டு; நடுவில் உருளையான தண்டு; மேலே வாய்த்தட்டு; அதன் விளிம்பைச் சூழப் பரிசக்கொம்புகள். இவ்வமைப்புக்குப் பொலிப்பு என்று பெயர். உடற்சுவரில் புறத்தோற்படை, அகத்தோற்படை என இரு கலப்படைகளும், அவற்றிடையே இழுது போன்ற நடுப்படையும் உண்டு. எலும்பில்லை, மூளையில்லை, உடலெங்கும் பரந்த நரம்புவலை மாத்திரமே உண்டு. குழியினுள் அடைத்து நிற்கும் கடல்நீரே உடலை நிமிர்த்தும் தூண். அபாயம் நேர்ந்தால் தசைகள் நீரை வெளியேற்ற, பூப்போல விரிந்திருந்தது கணத்தில் ஒரு கட்டியாகச் சுருங்கும். உண்பதற்கும் கழிவை விலக்குவதற்கும் வாய் ஒன்றே.

வாய் வட்டமானதன்று, நீண்ட பிளவு. பிளவின் ஒரு முனையிலோ இரு முனைகளிலுமோ பிசிர் நிறைந்த வாய்க்கால் ஒன்று ஓடி, தொண்டைக்குழாயின் வழியே நீரை உள்ளே செலுத்தும். வெளியே சக்கரம் போன்று எப்புறமும் ஒத்திருக்கும் உடல், இப்பிளவினால் உள்ளே இடம் வலம் என்ற இருபுறச் சமச்சீரைக் கொண்டுள்ளது. உட்குழியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், சுவரிலிருந்து நடு நோக்கி நீளும் மெல்லிய திரைகளைக் காணலாம். இவை நடுமடிப்புகள். சில தொண்டைக்குழாயைத் தொடும். சில பாதியில் நிற்கும். செரிமானச் சாற்றைச் சுரக்கும் இழைகள் இவற்றின் ஓரத்தில் உள்ளன. சுருக்குந் தசைப்பட்டைகளும் இனப்பெருக்க உறுப்புகளும் இவற்றின் மேலேயே உள்ளன. பை போன்ற எளிய உடலில், பரப்பைப் பெருக்குவதற்கு மடிப்பது ஒன்றே வழி. நமது சிறுகுடலும் அவ்வழியையே பின்பற்றுகின்றது.

கொட்டுங் கலம் இக்கணத்தின் முத்திரை. நம் பாடநூல்கள் இதன் உறையை அழன்மொட்டுச் சிறைப்பை என்னும். உறையினுள், உட்புறமாகத் திருப்பிச் சுருட்டிய மெல்லிய குழலொன்று மிகுந்த அமுக்கத்தில் அடைபட்டிருக்கும். இரை பட்டவுடன் மூடி திறந்து, குழல் வெளிப்புறமாகத் திரும்பிப் பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். ஐதராவில் இப்பாய்ச்சலின் முதற்கட்டம் ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் முடிவதாக 2006இல் அளந்து காட்டினர். ஒருமுறை எய்த கலம் மீளப் பயன்படாது. புதிது உருவாக வேண்டும்.

இவ்விலங்கு நீண்ட ஆயுளுடையது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றுண்டு. இசுக்கொத்துலாந்தின் தலியெல் என்பார் 1828இற் கடலோரத்தில் எடுத்து வளர்த்த கடலனிமனி ஒன்று, 1851இல் அவர் இறந்த பின்னும் கைமாறிக் கைமாறி வாழ்ந்து 1887இலேயே இறந்தது. எடின்பரோவினர் அதனைப் 'பாட்டி' என்று அழைத்தனர்.

முருகையை இனி இலகுவில் வரையறுக்கலாம். தன் அடித்தட்டின் கீழே கல்லைச் சுரக்கும் சிறு கடலனிமனியே முருகைப் பொலிப்பு. நீந்தி வரும் குடம்பி கடினமான தளத்தில் ஒட்டியதும், அடித்தட்டின் புறத்தோற்கலங்கள் கல்சியம் காபனேற்றை அரகொனைற்று என்னும் பளிங்குருவிற் படியவிடுகின்றன. சுற்றுச்சுவருடன் ஒரு கிண்ணம் எழும். கிண்ணத்தினுள் நடுமடிப்புகளுக்கு இடையிடையே கற்தகடுகள் எழும். இவை பிரிசுவர்கள். முதலில் ஆறு, அடுத்து ஆறு, பின்னர் பன்னிரண்டு, இருபத்துநான்கு என ஆறின் மடங்கில் இவை பெருகும். பொலிப்பு அவ்வப்போது தன்னை மேலே உயர்த்திக் கீழே புதிய தளமொன்றை இடும். எனவே முருகைத் திரளில் உயிருள்ளது மேற்பரப்பின் மெல்லிய தோல் மட்டுமே. கீழுள்ளதெல்லாம் அது குடியிருந்து கைவிட்ட வீடுகள். கல் விலங்குக்குள் இல்லை. விலங்குதான் கல்லின்மேல் இருக்கின்றது. கரையொதுங்கிய வெண்டுண்டொன்றைக் கையிலெடுத்து அதன் நட்சத்திரக் குழிகளை உருப்பெருக்கியின் கீழ் எண்ணினால், பல இனங்களில் இந்த ஆறின் கணக்கைக் கண்ணாற் காணலாம்.

ஆறு, எட்டு என்ற இவ்வெண்களே பெரும் பகுப்பு ஆகின்றன. நடுமடிப்புகள் ஆறின் ஒழுங்கில் அமைந்தவை அறுகதிர் முருகையினம். கல்முருகைகளின் வரிசையும், வன்கூடற்ற கடலனிமனிகளின் வரிசையும் இதில் அடங்கும். எட்டு நடுமடிப்பும், இறகுபோற் பிசிர்விட்ட எட்டுப் பரிசக்கொம்பும் உடையவை எண்கதிர் முருகையினம். மென்முருகை, கடல்விசிறி என்பவற்றோடு, மார்சிலி எட்டு இதழ் எண்ணிய செம்பவளமும் இதிலேயே சேரும். செம்பவளத்தின் வன்கூடு அடித்தட்டின் கீழே சுரக்கப்படுவதன்று. உடலின் நடுப்படைக்குள் உருவாகும் நுண்முட்கள் திரண்டு இறுகிய அச்சாகும். ஆகவே கண்ணகனார் கூறிய துகிரும் கிழக்கிலங்கையின் முருகைக்கல்லும் ஒரே குலத்தின் நெடுந்தூரக் கிளைகள். முருகைக்கல்லின் நெருங்கிய உறவு துகிரன்று, கல்லே இல்லாத கடலனிமனி. வன்கூட்டை நோக்கி வகுத்தவர்க்கு இது புலப்படாது. நெருப்பு முருகை எனப்படும் மில்லெப்போராவை நோக்கின் இது மேலும் தெளிவாகும். அதுவும் கல் கட்டுகின்றது. தொட்டவர் தோலைச் சுடுகின்றது. ஆனால் உடலமைப்பால் அது ஐதராவின் வகுப்பைச் சேர்ந்தது. 2006இல் மரபணு ஆய்வொன்று, வன்கூடற்ற அறுகதிரிகளுள் ஒரு வரிசை கல்முருகையிலிருந்தே தோன்றிக் கல்லை இழந்திருக்கலாம் என்றது; பின்வந்த விரிவான மரபணுத் தரவுகள் அதனை ஆதரிக்கவில்லை. அறுகதிர், எண்கதிர் இரண்டையும் தனித்தனி வகுப்புகளாகவே உயர்த்தும் திருத்தம் 2022இல் முன்வைக்கப்பட்டது. பழைய பாடநூல்களில் அந்தோசோவா என்ற ஒரே வகுப்புக்குள் இரண்டும் அடங்கியிருந்தன. வகைப்பாடு முடிந்த முடிபன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூலதனம் முதற்பாகத்தில், கூட்டுறவு பற்றிய அத்தியாயத்தில், மார்க்சு ஆங்கிலப் பொருளியலாளரான இறிச்சாட்டு யோன்சின் 1852ஆம் ஆண்டுப் பகுதியொன்றை எடுத்தாளுகின்றார். ஆசிய, எகிப்தியப் பேரரசுகளின் மாபெரும் கட்டடங்கள் எவ்வாறு எழுந்தன என்று விளக்கும் யோன்சு, ஒவ்வொன்றும் நலிந்த அற்பவுயிரேயாயினும் முருகைகள் கடலாழத்திலிருந்து தீவுகளை எழுப்புகின்றனவே என ஒப்பிடுகின்றார். குளங்களையும் தாதுகோபங்களையும் கொண்ட ஈழத்தில் ஆசிய உற்பத்தி முறை பற்றி எழுதியோர்க்கும் இவ்வுவமை கவர்ச்சியானதே. ஆனால் உடலமைப்பை அறிந்த பின் அதனை அப்படியே ஏற்க முடியாது. கொம்பு முருகை ஒன்றிலுள்ள பல்லாயிரம் பொலிப்புகளும் ஒரே குடம்பியிலிருந்து அரும்பிப் பிரிந்தவை. கிண்ணத்துக்குக் கிண்ணம் அவற்றை இணைக்கும் உயிர்த்தோல் உண்டு. ஒன்று உண்டது மற்றதற்கும் செல்லும். உழைப்பவர் ஒருவர், மிகையைக் கவர்பவர் வேறொருவர் என்ற பிளவு அங்கில்லை. அரசனின் களஞ்சியத்திலிருந்து உணவு பெற்று ஆணைக்கு அஞ்சிக் கல் சுமந்தவனுக்கு முருகையை உவமிக்கும்போது, களஞ்சியமும் ஆணையும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. சமுதாய உறவு இயற்கையாய்த் தோன்றத் தொடங்குகின்றது. அதே நூலில் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் வேறுபடுத்தி, மனிதன் கட்டுமுன் மனத்திலே கட்டுகின்றான் என்று மார்க்சு கூறியதை இங்கு பொருத்திப் பார்ப்பது தகும்.

முருகையின் கதையில் உண்மையான கூட்டுறவு வேறொரு மட்டத்தில் நிகழ்கின்றது. பார் கட்டும் முருகைகளின் அகத்தோற்கலங்களுக்குள் நுண்ணிய ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. விலங்கின் கழிவான காபனீரொட்சைட்டையும் நைதரசன் சேர்வைகளையும் பெற்று, அவை ஒளித்தொகுப்பால் வெல்லத்தை உருவாக்கி, பெரும்பகுதியை விலங்குக்கே விடுகின்றன. முருகையின் சக்தித் தேவையில் மிகப் பெரும் பங்கு இவ்வாறே நிறைவேறும். கல் விரைந்து படிவதும் இதனாலேயே. ஒளிபுகும் ஆழங்குறைந்த நீரிலேயே பார்கள் அமைவதன் காரணமும் இதுதான். பல கடலனிமனிகளிலும் இத்தகைய அல்காக்கள் உண்டு. வெளியில் மற்றொரு நட்பும் உண்டு: கொம்புகளுக்கிடையே கொட்டுப்படாமல் வாழும் கோமாளி மீன். உலகெங்கும் அறியப்பட்ட கோமாளி மீன்களுள் ஒன்றான கிளாக்கி இனத்தை பென்னெற்று 1830இல் விவரித்தது இலங்கைக் கரையிலிருந்தே என்பது பலரறியாத செய்தி.

கோடையின் வழமையான உச்சத்திலும் ஒரு பாகை செல்சியசு அளவு கூடிய வெப்பம் சில கிழமைகள் நீடித்தால் இவ்வுறவு முறிகின்றது. அல்காக்கள் வெளியேற, நிறமற்ற தோலினூடாக வெண்கல் தெரிகின்றது. இது வெளிறல் எனப்படும். வெளிறிய முருகை இன்னும் இறக்கவில்லை, பட்டினி கிடக்கின்றது. வெப்பம் விரைவில் தணியின் மீளும். 1998இல் இக்கடுவெப்பம் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் இக்கடுவை உட்படப் பல பார்களை அழித்தது. திருகோணமலைப் பார்கள் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பின. 2016இல் மீண்டும் வெளிறல் வந்தது. 2024 ஏப்பிரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது.

இலங்கைக் கடலின் முருகைகளைப் பற்றிய முறையான அறிவு எவ்வாறு திரண்டது என்பதும் கருதத்தக்கது. மன்னார்க் குடாவின் முத்துப்பார்கள் விளைச்சல் தராது பொய்த்தபோது, குடியேற்ற அரசு வருவாயை மீட்க விரும்பிப் பேராசிரியர் ஏட்மனை 1902இல் வரவழைத்தது. 1903 முதல் 1906 வரை இறோயல் சங்கம் வெளியிட்ட ஐந்து பெருந்தொகுதிகளில் முத்துச்சிப்பியோடு முருகைகளும் இடம்பெற்றன. வருவாய் தேடிய இடத்திலே விஞ்ஞானம் விளைந்தது. வருவாய் தராத கீழைக்கரைக்கு அத்தகைய தொகுதிகள் வாய்க்கவில்லை.

முருகையைக் கல்லாகக் கண்ட மிகப் பெரிய தொழில் சுண்ணாம்பு. தென்மேற்கே அம்பலாங்கொடை, அக்குரலை, இக்கடுவைப் பகுதிகளிலும், கிழக்கே கல்குடா, காயங்கேணிப் பக்கத்திலும் முருகை எடுத்துச் சூளையிலிட்டுச் சுட்டனர். வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைக்கும் அது சென்றது. 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த 64ஆம் இலக்கத் திருத்தம், முருகை எடுப்பதையும் கரையோர வலயத்திற் சூளை நடத்துவதையும் தடுத்தது. தடை தேவையானதே; அதில் ஐயமில்லை. முருகை தோண்டப்பட்ட பெரலியாவில் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கூடுதலாக உட்புகுந்ததை 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதனைக் கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த அம்பாறைக் கரையின் அழிவையும் முருகையெடுப்பின் விளைவெனச் சொல்லப் புகுவது பொருந்தாது. அது பார் குறைந்த, சுமாத்திராவை நேர்நோக்கிய மணற்கரை. ஆனால் தடையின் சுமை யார்மேல் இறங்கியது என்பதை நாம் கேட்டாக வேண்டும். சூளையில் நின்றவனும் கல் சுமந்தவளுமே குற்றவாளிக் கூண்டுக்கு எளிதில் அகப்படுவோர். அச்சுண்ணாம்பினால் மாடி கட்டியவர் பெயர் எவ்வழக்கிலும் வருவதில்லை.

சூளையில் நிகழும் வேதியியல் எளியது. நூறு பங்கு கல்சியம் காபனேற்றைச் சுட்டால் ஐம்பத்தாறு பங்கு சுண்ணாம்பு கிடைக்கும். நாற்பத்துநான்கு பங்கு காபனீரொட்சைட்டாக வெளியேறும். கடலை வெப்பமாக்குவதும், கடல்நீரிற் கரைந்து அரகொனைற்றுப் படிவதைக் கடினமாக்குவதும் இதே வாயுதான். சீமெந்துத் தொழிற்சாலையின் பெருஞ்சூளையிலும் இதே தாக்கமே நடைபெறுகின்றது. காங்கேசன்துறைச் சூளைகள் 1950 முதல் 1990 வரை எரித்ததும், புத்தளத்துக்கு வடக்கே அருவாக்காட்டில் தோண்டப்படுவதும் மயோசீன் காலச் சுண்ணக்கல். அக்கடலின் விலங்குகள் விட்டுச்சென்ற ஓடுகளும் வன்கூடுகளும் படிந்து இறுகியவை. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கல்லைத் தொடவில்லை.